பத்தாவது எழுத்து

போன மார்கழியில் ஒரு நாள் ராத்திரி அக்கா போனில் கூப்பிட்டது. "உம்பட மருமவன் என்னமோ ரேஸ் காரு வாங்கறானாமா. நீ ஒருக்கா கூடப் போயிப் பாத்துட்டு, வண்டி செரியில்லேன்னு சொல்லிப் போடு."

போனேன். வண்டி சரியில்லை என்று சொல்லிவிட்டும் வந்தேன். ஆனால் அக்காவுக்காகச் சொல்லவில்லை.

எனக்குக் கோயமுத்தூர் கணபதியில் பட்டறை. தேய்ந்த சிலிண்டரைக் குடைகிற போரிங், உள்சுவரை இழைக்கிற ஹோனிங், உள்ளே புது உறை இறக்குகிற ஸ்லீவ் வேலை, இதுதான் இருபத்திரண்டு வருசமாகச் சோலி. திருச்செங்கோட்டு ரிக் வண்டி இன்ஜின் வரும், நாமக்கல் லாரி பிளாக் வரும், போர்ஷே வராது. ஆனாலும் ஒறம்பரையில் யார் கார் வாங்கினாலும் "அவருக்கு இன்ஜின் தெரியும்" என்று என்னை முன்சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப் போய்விடுவார்கள். மாருதி, இன்னோவா வரைக்கும் பார்த்துப் பழக்கம். இந்தத் தடவை பையன் பார்த்து வைத்திருந்தது போர்ஷே கேமன் எஸ்.

மருமகனுக்குத் திருப்பூரில் பிரிண்டிங் யூனிட். முப்பத்தொரு வயசு. வண்டி சென்னிமலைப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் நிற்கிறது. 2009 மாடல், 23 ஆயிரம் கிலோமீட்டர், 27 லட்சம் என்றான். புதுசா ஒரு ஃபார்ச்சூனர் எடுக்கும் காசுக்கு உள்ளேயே போர்ஷே வந்துவிடுகிறது. எலிப்பொறியில் வைக்கிற மசால்வடை அந்த விலைதான். வண்டி பழசாகப் பழசாக விலை இறங்கும், ஸ்பேர் பார்ட்ஸ் விலை ஏறிக்கொண்டேதான் போகும்.

அவனிடம் ஒன்றே ஒன்றுதான் முன்கூட்டிச் சொன்னேன். நாங்கள் போய்ச் சேரும் வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று வண்டிக்காரரிடம் சொல்லிவிடு.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ராத்திரி முழுக்க நின்ற இன்ஜினில் ஆயிலெல்லாம் கீழே இறங்கியிருக்கும். சாவி போட்ட முதல் பத்து விநாடியில் செயின் டென்ஷனர் சத்தம், டேப்பட் சத்தம், பேரிங் சத்தம் எல்லாம் மறைக்க ஆளில்லாமல் வெளியே வரும். சூடான இன்ஜின் பாதியை மறைத்துவிடும். இதற்கு நேர்மாறான ஒரு சங்கதியும் உண்டு. சிலிண்டர் சுவரில் பிஸ்டன் கீறின இன்ஜின் குளிரில் சாதுவாக இருக்கும், சூடேறினபிறகு ஐட்லிங்கில் 'டக் டக் டக்' என்று ஆரம்பிக்கும். ஆக இரண்டையும் கேட்க வேண்டும். முதலில் குளிர்ந்தது, அரைமணி ஓட்டிவிட்டு வந்து சூடானது. கேமனில் இருப்பது படுக்கைவாட்டில் ஆறு சிலிண்டர். அதனால் காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு லேசாக ஒரு பிடி புகை வந்தால் பயப்பட வேண்டியதில்லை, சிலிண்டர் படுத்துக் கிடப்பதால் கொஞ்சம் ஆயில் தங்கி எரியும். கொசு மருந்து அடிக்கிற வண்டி மாதிரி வெள்ளையாகக் கொட்டி, நிற்காமல் வந்தால் ஆயிலையும் ஆவியையும் பிரிக்கிற செப்பரேட்டர் போயிருக்கலாம்.

வெள்ளென நாலரைக்குக் கிளம்பினோம். அவிநாசி ரோட்டில் அந்த நேரத்தில் பால் வண்டியும் நாங்களும்தான். பெருந்துறையில் ஒரு டீ. ஆறு மணிக்குத் தோட்டத்து வாசலில். வீட்டுக்காரர் அறுபது வயசுக்காரர், தறிப்பட்டறை வைத்திருக்கிறார். வெள்ளை வேட்டியோடு வாசலிலேயே நின்றார். தென்னை மரத்தடியில் வண்டி பளபளவென்று ஈரத்தோடு நின்றது. எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கியது. நேராகப் போய்ப் பின்னால் குனிந்து சைலன்ஸர் குழாயில் புறங்கையை வைத்தேன். வெதுவெதுப்பு.

"ஏனுங், ஸ்டார்ட் பண்ண வேண்டாம்னு தம்பி சொல்லலீங்களா?"

"சொன்னாருங். ஆனா வூட்டுக்கு ஆளு வர்றப்ப வண்டி செட்டுக்குள்ள தூசியோட நின்னா நல்லாருக்குமுங்களா? வெளிய எடுத்துக் கழுவி வெச்சுட்டனுங்."

அதில் கள்ளத்தனம் இருந்ததாக எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் திண்ணையை மொழுகி வைப்பதுபோல அவருக்கு அது மரியாதை. ஆனால் எங்களுக்குக் குளிர்ந்த ஸ்டார்ட் போய்விட்டது. இன்ஜின் மறுபடி ஆற அன்றைக்கு ராத்திரி வரைக்கும் உட்கார வேண்டும்.

சரி, வந்ததற்கு மற்றதைப் பார்ப்போம் என்று டார்ச்சை எடுத்தேன். கேமனில் இன்ஜினைப் பார்க்கிறேன் என்று பானட்டைத் தூக்கினால் சாமான் வைக்கிற குழிதான் இருக்கும். பின்னால் திறந்தாலும் ஆயில் ஊற்ற ஒரு மூடி, கூலன்ட் ஊற்ற ஒரு மூடி, அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும். இன்ஜின் சீட்டுக்குப் பின்னால் நடுவயிற்றில் படுத்திருக்கிறது. ரேடியேட்டரோ முன்பம்பரின் இரண்டு ஓரத்திலும் தரையை ஒட்டி இருக்கிறது. தரையில் இருக்கிற எல்லாவற்றையும் அதுதான் முதலில் உறிஞ்சும்.

முட்டி போட்டு இடது பக்க ஓட்டைக்குள் டார்ச் அடித்தேன். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு மெத்தை. நீளமான நோஸ் பிளையரை விட்டு இழுத்தால் பஞ்சு. தறிப்பட்டறைப் பஞ்சு, வேப்பிலைக் காம்பு, ஒரு மிட்டாய்க் காகிதம் எல்லாம் ஒட்டி, நனைந்து, காய்ந்து, ஃபெல்ட் துணி மாதிரி கெட்டிப்பட்டு வந்தது. கை அகலத்துக்கு ஒரு துண்டு. அதை வாசல்படியில் வைத்தேன். வீட்டுக்காரர் அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏசி கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இது ஈரத்தோடு நின்றால் அலுமினியம் அரித்துப் பொரிந்துவிடும். திருப்பூர், சென்னிமலை, பல்லடம் பக்கம் எந்த வண்டி வாங்கினாலும் இந்த இடத்தைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். தோப்புக்குள் நின்ற வண்டி என்றால் எலி கடித்த வயர் வேறு.

டயரில் பூ நன்றாக இருந்தது. ஆனால் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருசம். 3113 என்றிருந்தது, 2013-ல் முப்பத்தோராவது வாரம். அந்த வயசு ரப்பர் கல் மாதிரி. ஈர ரோட்டில் பின்சக்கரத்துக்கு 295 குதிரைத்திறனைக் கல்லின் மேல் வைத்து அனுப்பினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. முன்னால் ஒரு சைஸ், பின்னால் அகலமான வேறு சைஸ். அதனால் முன்னதைப் பின்னால் மாற்றிப் போட்டுக் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்கிற நம் ஊர்ச் சிக்கனமும் இங்கே நடக்காது.

பிரேக் டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று அதிலேயே பொறித்திருக்கும். வெர்னியர் போட்டு அளப்பவர்கள் பெரும்பாலும் தப்பாக அளப்பார்கள். பேடு படாத வெளிவிளிம்பு தேயாமல் உதடு மாதிரி நிற்கும், வெர்னியர் அந்த உதட்டில் உட்கார்ந்து கூடுதல் கணக்கைக் காட்டும். நான் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ரூபாய்க் காசை வைத்து அளந்து, காசுகளின் தடிமனைக் கழித்துவிடுவேன். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர் மஞ்சள் நிறமாக இருந்தால் செராமிக் டிஸ்க்காக இருக்கலாம், அப்போது கணக்கே வேறு. ஒரு டிஸ்க் மாற்றும் காசில் இங்கே ஒரு நல்ல செகண்ட் ஹேண்ட் காரே வாங்கலாம். இந்த வண்டிக்குச் சிவப்பு. அளவும் நன்றாகவே இருந்தது. டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருக்கிறதா, டயர் ஓரம் உருகிச் சுருண்டிருக்கிறதா, முன்பம்பரில் கொக்கி மாட்டுகிற மறை தேய்ந்திருக்கிறதா என்றும் பார்த்தேன். எங்கள் கோயமுத்தூரில் செட்டிபாளையத்தில் கரி ஸ்பீட்வே என்கிற ரேஸ் டிராக் இருக்கிறது, ஃபார்முலா ஒன் ஓட்டின நரேன் கார்த்திகேயனின் ஊர் இது, ஞாயிற்றுக்கிழமையானால் வண்டியை எடுத்துக்கொண்டு டிராக்குக்குப் போகிற பையன்கள் நிறைய. டிராக்கில் ஓடினது குற்றமில்லை. ஓடினதைச் சொல்லாமல் விற்பதுதான் குற்றம். இது அப்படி ஓடின வண்டி இல்லை.

அப்புறம்தான் கண்ணாடிக்குள் இருந்த சேஸிஸ் நம்பரைப் படித்தேன். இதை வீட்டில் உட்கார்ந்தே செய்திருக்க வேண்டும், என் புத்தி.

சேஸிஸ் நம்பர் மொத்தம் பதினேழு எழுத்து. கேமன் என்றால் டபிள்யூ, பி, பூஜ்யம் என்று ஆரம்பிக்கும். பிறகு மூன்று இசட். இந்த வண்டிக்கு ஒன்பது, எட்டு. மறுபடி ஒரு இசட். அடுத்து வருவது பத்தாவது எழுத்து. அதுதான் கம்பெனிக் கணக்கில் அது எந்த வருச மாடல் என்று சொல்வது. 2008-க்கு 8, 2009-க்கு 9, 2010-க்கு ஏ. கண்ணாடி மேல் விரலை வைத்து எண்ணினேன். எட்டு. தப்பாக எண்ணினேனோ என்று மருமகனை எண்ணச் சொன்னேன். அவனுக்கும் எட்டுதான் வந்தது.

ஆர்.சி. புத்தகத்தில் பதிவு 2009. அதுவும் பொய்யில்லை. 2008 மாடல் வண்டி ஸ்டாக்கில் நின்று அடுத்த வருசம் பதிவாகியிருக்கிறது. வேறு காராக இருந்தால் இது ஒரு வருச விலை வித்தியாசத்தோடு முடிந்துபோகும். கேமனில் இந்த ஒரு எழுத்து இன்ஜினையே மாற்றிவிடுகிறது.

2009 மாடலிலிருந்து இவர்கள் முழுக்கப் புது இன்ஜின் வைத்தார்கள். கேமன் எஸ்ஸில் நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சுகிற வகை, 320 குதிரைத்திறன், ஆட்டோமேட்டிக் என்றால் ஏழு கியர் இரட்டை கிளட்ச். அதற்கு முந்தின எம் 97 இன்ஜினில் கிராங்குக்குக் கீழே ஒரு இடைத்தண்டு ஓடும், வால்வைத் திறந்து மூடுகிற கேம் ஷாஃப்டுக்குப் போகிற செயினெல்லாம் அதிலிருந்துதான். அதன் கோடியில் ஒரு பால் பேரிங். அந்த பேரிங் உடைந்தால் செயின் டைமிங் போய், வால்வு பிஸ்டனை முத்தமிட்டு, இன்ஜின் மொத்தமும் குப்பை. 2006-க்குப் பிந்தினதில் பெரிய பேரிங் போட்டார்கள், அபூர்வமாகத்தான் உடையும் என்பது உண்மை. ஆனால் இன்ஜின் கூட்டை இரண்டாகப் பிளக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது. பழைய சின்ன பேரிங்கையாவது கியர்பாக்ஸை இறக்கி முன்கூட்டியே மாற்றிவிடலாம்.

பேரிங்கை விட என்னை யோசிக்க வைத்தது சிலிண்டர் சுவர். லாரி பிளாக் தேய்ந்து வந்தால் நான் என்ன செய்வேன்? அரை மில்லி ஓவர்சைஸ் போர் போட்டு, ஹோனிங் அடித்து, பெரிய பிஸ்டன் போட்டு சாயங்காலமே அனுப்பிவிடுவேன். வார்ப்பிரும்பு அவ்வளவு பெருந்தன்மை. இந்த இன்ஜினில் லைனர் என்கிற தனி இரும்பு உறை இல்லை, அலுமினியத்திலேயே சிலிக்கான் துகள் பதிந்த சுவர். பிஸ்டனின் கீழ்ப்பகுதியான பாவாடையில் இருக்கிற மெல்லிய இரும்புப் பூச்சு உரிந்துவிட்டால் அலுமினியத்தோடு அலுமினியம் உரசி, மேலிருந்து கீழாகக் கறுப்பாகக் கீறல் விழும். 3.4 லிட்டர் எம் 97-க்கு இது பேர்போன வியாதி. நம் டூலை வைத்துப் போர் போட்டு மீட்க முடியாது. பழையதைக் குடைந்து எடுத்துவிட்டு நிக்கல் சிலிக்கான் பூச்சுள்ள ஸ்லீவ் இறக்க வேண்டும். இருபத்திரண்டு வருசம் சிலிண்டர் குடைந்த ஆள், 'இதை என் பட்டறையில் பண்ண முடியாது' என்று தெரிந்த ஒரு சிலிண்டருக்கு எப்படிச் சரி சொல்வேன்?

போட்டோவிலேயே கண்டுபிடித்திருக்கலாம் என்பதுதான் வெட்கம். புது மாடலுக்குப் பின்விளக்கு எல்.இ.டி. இதற்குச் சாதா பல்பு. ஆட்டோ கியர் ஐந்தோடு நின்றது. போக வர டீசல் மிச்சமாகியிருக்கும்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மூன்றாவது ஓனர். "நானும் 2009-ன்னு நெனச்சுத்தானுங் வாங்குனேன்" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. உள்ளே போய் இளநீர் வெட்டிக்கொண்டு வரச் சொன்னார். பிறகு மெதுவாக, "இருபத்திரண்டுக்கு எடுத்துக்குங்" என்றார். மருமகன் என் முகத்தைப் பார்த்தான். அஞ்சு லட்சம் சும்மா கிடைத்த மாதிரி இருக்கும், அந்த நேரத்தில்தான் நிறையப் பேர் கவிழ்வார்கள். சிலிண்டர் கீறியிருந்தால் அந்த அஞ்சு லட்சம் இன்ஜின் பிரிக்கிறதுக்குள்ளேயே கரைந்துவிடும். இல்லீங்கய்யா என்று கும்பிட்டுவிட்டு வந்தோம். பஞ்சை மட்டும் மறக்காமல் எடுத்துவிடச் சொன்னேன்.

திரும்பும்போது விஜயமங்கலம் டோல்கேட் வரைக்கும் பையன் பேசவில்லை.

இரண்டு மாசம் கழித்துக் கொச்சியில் ஒன்று கிடைத்தது. இந்தத் தடவை கிளம்பும் முன்பே பத்தாவது எழுத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். ஏ. 2010 மாடல், ஏழு கியர். 41 ஆயிரம் கிலோமீட்டர். சென்னிமலைக் காரை விடக் கிலோமீட்டர் அதிகம் என்று பையனுக்குக் குறை. எனக்கு அதுதான் நிம்மதி. வருசத்துக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாமல் நின்ற வண்டியில் ஆயில் சீல் காய்ந்து போயிருக்கும், கூலன்ட் டேங்க் விரிசல் விட்டிருக்கும், கியர்பாக்ஸும் இன்ஜினும் சேரும் இடத்தில் சொட்டும்.

அந்த 41 ஆயிரம் உண்மையா என்று எப்படித் தெரியும்? இங்கேதான் கோயமுத்தூர் பட்டறைக்காரனுக்கு ஒரு பழைய அனுபவம் கைகொடுத்தது. 2008-லிருந்து 2012 வரைக்கும் கரன்ட் கட்டில் நாங்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். ஜெனரேட்டர் வாங்கும்போது பெயின்ட்டைப் பார்க்க மாட்டோம், ஹவர் மீட்டரைப் பார்ப்போம். இந்த வண்டியின் இன்ஜின் கம்ப்யூட்டரும் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று எழுதி வைக்கிறது. ஸ்கேனரில் 1,260 மணி. 41 ஆயிரத்தை அதால் வகுத்தால் மணிக்கு 32 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஊருக்குள்ளும் ஹைவேயிலும் கலந்து ஓடின வண்டிக்குப் பொருத்தம். முன்பு ஒரு நண்பருக்காகப் பார்த்த ஜெர்மன் காரில் மீட்டர் 38 ஆயிரம், மணிக்கணக்கு 3,100. வகுத்தால் 12. மாட்டுவண்டியா ஓட்டினார்கள்? மீட்டரைத் திருப்பினவனுக்கு வகுத்தல் தெரியவில்லை.

மேனுவல் வண்டி பார்க்கிறவர்கள் அதே ஸ்கேனரில், இன்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றின ஓவர் ரெவ் கணக்கையும் எடுக்கச் சொல்லுங்கள். ஐந்திலிருந்து நாலுக்குப் போடுவதாக நினைத்து இரண்டில் தள்ளினவன் வாயால் சொல்ல மாட்டான், கம்ப்யூட்டர் சொல்லும்.

வண்டியை லிஃப்டில் ஏற்றி, பிளக் கழற்றி, போரோஸ்கோப் என்கிற குழாய்க் கேமராவை விட்டு ஆறு சிலிண்டரையும் பார்த்தோம். சுவரெல்லாம் சுத்தம். ஆயில் ஃபில்டரின் மடிப்புகளை விரித்து வைத்து, டயல் கேஜின் மேக்னட் பேஸைக் கிட்டே கொண்டு போனேன். இரும்புப் பிசிறு என்றால் குதித்து ஒட்டும், ஒட்டாமல் மினுங்கினால் அலுமினியம். இரண்டுமே இல்லை. பெயின்ட் தடிமன் பார்க்கிற மீட்டரைப் பவுடர் கோட்டிங் நண்பரிடம் இரவல் வாங்கிப் போயிருந்தேன். எல்லா இடத்திலும் 110, 130 மைக்ரான். வலது பின்கதுப்பில் மட்டும் 340. கேட்டவுடனே, கேட்டில் உரசியது என்று கொச்சிக்காரர் ஒத்துக்கொண்டார். இன்சூரன்ஸ் தாளில் நோ க்ளெய்ம் போனஸ் 50 சதவீதம் இருந்தது. தொடர்ந்து ஐந்து வருசமாவது க்ளெய்ம் வாங்காமல் இருந்தால்தான் அது வரும். பெரிய அடி இல்லை என்று அந்தத் தாள் சொன்னது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தேன், சேறு காய்ந்த கோடு இல்லை. 2015 சென்னை வெள்ளத்துக்கு அப்புறம் இதைப் பார்க்காமல் நான் எந்தக் காரும் பார்ப்பதில்லை.

கேரளா வண்டி என்பதால் தாள் வேலை இழுத்துவிட்டது. அங்கே பேங்க் கடன் முடிந்ததற்கு ஃபார்ம் 35, தடையில்லாச் சான்றுக்கு ஃபார்ம் 28, பேர் மாற்ற 29-ம் 30-ம், அப்புறம் இங்கே ஆயுள் வரி. புது வண்டிக்கே 20 லட்சத்துக்கு மேல் போனால் 20 சதவீதம் வாங்குகிற ஊர் இது. பழசுக்கு வயசைப் பொறுத்துக் குறையும், ஆனாலும் விலை பேசும்போதே அந்தத் தொகையைச் சேர்த்துப் பேசிவிட வேண்டும். பையன் சேர்க்கவில்லை. ஒரு வாரம் என்னோடு கணக்குப் பார்த்துக்கொண்டு திரிந்தான்.

வண்டி வந்துவிட்டது. திருப்பூரில் அவன் யூனிட் வாசல் சரிவில் ஏற்றினால் மூக்கு தரையில் உரசுகிறது, அதனால் பாதி நாள் என் பட்டறையில்தான் நிற்கிறது, ஹோனிங் மெஷின் தூள் படாமல் இரண்டு தார்ப்பாய் மூடி. அக்கா ரெண்டு மாசம் என்னோடு பேசவில்லை. போன வாரம் பையன் அதில் சிவன்மலைக்குக் கூட்டிப் போய் வந்திருக்கிறான். ராத்திரி போன் வந்தது.

"வண்டி பரவால்லடா. ஏறி உக்காந்துக்கலாம். எறங்கறதுக்குத்தான் ரெண்டு ஆளு வேணும்."